காசல்ரீ கரையில் ஒரு பழைய மோட்டார் படகு: மலைக்குளிரில் ஃபைபர் வேலை பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஹட்டன், டிக்கோயா, நோர்வூட் பக்கம் போனவர்களுக்குக் காசல்ரீ நீர்த்தேக்கம் தெரிந்திருக்கும். கெஹெல்கமு ஓயாவை மறித்து 1960களில் கட்டிய அணை அது. விமலசுரேந்திர மின்நிலையத்துக்குத் தண்ணீர் இங்கிருந்து போகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீற்றர் உயரம். அந்த உயரம் இந்தக் கதையில் இரண்டு இடத்தில் கணக்குக்கு வரும்: ஃபைபர் இழையைப் பிணைக்கும் பசையான ரெசின் இறுகும் விதத்தில் ஒன்று, எஞ்சின் இழுக்கும் விதத்தில் மற்றொன்று.

படகு பதினைந்து அடி நீளம். முன்பக்கம் மூடிய தளம், ஒரு கண்ணாடித் தடுப்பு, இரண்டு வரிசை இருக்கை, பின்னால் வெளியே தொங்கும் எஞ்சினுக்கு இடம். எழுத்தில் எந்தப் பத்திரமும் இல்லை. கட்டிய விதத்தைப் பார்த்தால் 1970களின் தொடக்கத்துக்குரியது. பக்கத்துத் தோட்டத்துப் பங்களாவுக்காக வந்தது என்பது குடும்பத்தார் சொல்வது. 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது அதை ஓட்டியவர்கள் போய்விட்டார்கள். படகு ஒரு தகரக் கொட்டகைக்குள் போனது. அப்புறம் கைமாறிக் கைமாறி, பங்களாவில் சாரதியாக இருந்தவரின் மகனிடமே வந்து சேர்ந்தது. அவருக்கு இப்போது அறுபது வயதுக்கு மேல். கரையோரமாகச் சில அறைகளை வைத்து விடுதி நடத்துகிறார். விருந்தினரை ஏற்றிப் போய்க் காட்டுவதற்குப் படகு வேண்டும். புதிய மீன்பிடிப் படகு ஒன்றை வாங்கினால் செலவு குறைவு என்று எல்லோரும் சொன்னோம். அவர் கேட்கவில்லை. அப்பா ஓட்டிய படகு என்ற ஒரே காரணம்தான். அதைப் பற்றி விவாதிக்க ஒன்றுமில்லை.

வேலையில் இருந்தவர்கள் மூன்று பேர். ஊர்த் தச்சு பாஸ் ஒருவர். நீர்கொழும்புப் பக்கத்திலிருந்து கூட்டி வந்த ஒரு இளைஞர், கடற்கரைப் படகுகளுக்கு ஃபைபர் ஒட்டிப் பழகியவர். அளவெடுக்கவும் குறிப்பெழுதவும் நான். 2022 டிசம்பரில் படகைக் கொட்டகையிலிருந்து இழுத்தோம்.

முதலில் கண்டவை

வெளியிலிருந்து பார்த்தால் படகு அவ்வளவு மோசமில்லை. ஜெல்கோட் என்கிற வெளிப்பூச்சு வெளிறிச் சுண்ணாம்பு போல் கையில் ஒட்டியது. அங்கங்கே நட்சத்திர வடிவில் மயிர்க்கோடு விரிசல். கீழ்ப்பக்கத்தில் கொப்புளம் மிகக் குறைவு. தண்ணீரிலேயே கிடக்கும் படகுகளில்தான் அது அதிகம், இதுவோ பெரும்பாலும் கரையில் கிடந்தது.

சந்தேகத்தைக் கிளப்பியது எடை. நாலு பேர் தூக்கிப் பார்த்தபோது பின்பக்கம் அசையவில்லை. மரக்கறி சேகரிக்கும் இடத்திலிருந்து பெரிய மேடைத் தராசு ஒன்றை இரவல் வாங்கி, படகின் முன்முனையைத் தராசில் வைத்து ஒரு தடவை, பின்முனையை வைத்து ஒரு தடவை நிறுத்து, இரண்டையும் கூட்டினோம். எஞ்சின் இல்லாமல், இருக்கை இல்லாமல் 430 கிலோ வந்தது. இந்த அளவுப் படகு உலர்ந்த நிலையில் முந்நூறைச் சுற்றித்தான் இருக்க வேண்டும். மிச்சம் முழுக்கத் தண்ணீர்.

தண்ணீர் எங்கே என்று தேடும் வேலை மெதுவாக நடந்தது. பிளாஸ்டிக் சுத்தியலால் உடல் முழுக்கத் தட்டினால் நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், விட்டுப்போன இடம் மந்தமாக ஒலிக்கும். தரைப்பலகையின் நடுவில் காலை வைத்தாலே தெரிந்தது, தட்டத் தேவையில்லை. ட்ரான்சம் என்கிற பின்பலகைதான் முக்கியம், ஏனென்றால் எஞ்சினின் முழுப் பாரமும் தள்ளுவிசையும் அதன்மேல்தான். அதன் உட்பக்கத்தில் மெல்லிய துளைகள் போட்டு, வெளிவரும் மரத்தூளைக் காகிதத்தில் சேர்த்துப் பார்த்தோம். மேல்விளிம்புக்குக் கீழே எல்லா இடத்திலும் தூள் கறுப்பாக, பிழிந்தால் ஈரம் கசியும் நிலையில், புளித்த வாடையோடு வந்தது. இரண்டு ஃபைபர்த் தோலுக்கு நடுவே இருந்த ப்ளைவூட் மக்கிப் போயிருந்தது.

ஈரமானி எங்களிடம் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு முழ அகலச் சதுரப் பொலித்தீன் துண்டுகளை உடலில் பல இடங்களில் வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி வெயிலில் விட்டோம். மாலையில் பொலித்தீனின் உட்பக்கம் முத்துமுத்தாக வேர்த்திருந்தால் அந்த இடத்துக்குள் ஈரம் இருக்கிறது. கருவி அளவுக்குத் துல்லியம் இல்லை. ஆனால் எந்த இடம் எந்த இடத்தைவிட மோசம் என்று சொல்ல இது போதும்.

இப்படி ஆனதற்குக் காரணம் கொட்டகையிலேயே தெரிந்தது. தகரத்தில் ஓட்டை. படகின் பின்பக்கம் தாழ்ந்து இருந்தது. வடிகால் துளையின் மூடி இறுக்கமாகப் பூட்டியிருந்தது. வருடக்கணக்கான இலைச்சருகு உள்ளே. மேலே ஒரு படங்கு, காற்றுப் புகாமல் கயிறு போட்டுக் கட்டியது. பாதுகாப்பதாக நினைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிற நாட்டில், மூடிய படங்கு படகை மூச்சுவிட விடாது. பின்பலகையில் பழைய திருகாணித் துளைகள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. ஒன்றுகூட ஒழுங்காக அடைபடவில்லை. தண்ணீர் அந்த வழியாகத்தான் மரத்துக்குள் போயிருக்கிறது.

வெட்டுவதற்கு முன் எடுத்த முடிவு

இளைஞர் வந்த அன்றே கிரைண்டரை எடுத்தார். தரையை வெட்டி எறிந்தால் பாதி வேலை முடிந்துவிடும் என்பது அவர் கணக்கு. தச்சு பாஸ்தான் மறித்தார். "தம்பி, கூரையைக் கழற்ற முன்னுக்கு முட்டுக் குடுக்கணும்" என்றார். படகைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, வீட்டைப் பற்றித் தெரியும். அந்த ஒரு வாக்கியம் இந்தப் படகைக் காப்பாற்றியது என்றே நினைக்கிறேன்.

ஃபைபர் உடல் தன்பாட்டில் விறைப்பானது அல்ல. தரைக்கு அடியில் ஓடும் நீளக்கட்டைகளும் தரையும் பின்பலகையும் சேர்ந்துதான் அதற்கு வடிவத்தைக் கொடுக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால் உடல் தான் சாய்ந்திருக்கும் இடத்துக்கு ஏற்ப மெல்ல நெளியும். நெளிந்த நிலையில் புதிய கட்டைகளை ஒட்டிவிட்டால் அந்தக் கோணல் நிரந்தரம். அடிப்பக்கத்தின் பின்பாதியில் சிறு குழிவு விழுந்தாலும் வேகமெடுக்கும்போது படகு மூக்கைத் தண்ணீருக்குள் அழுத்தும். பழைய டிரெய்லரில் இருந்ததோ இரண்டே உருளைகள்.

அதனால் முதலில் தொட்டில். வெளிவடிவத்தை அட்டையில் வெட்டி ஒத்திப் பார்த்து, யூகலிப்டஸ் பலகையில் ஐந்து இடங்களில் தாங்கிகள் செய்து, அவற்றைத் தரையோடு சேர்த்துக் கட்டினோம். ஓரத்திலிருந்து ஓரத்துக்குக் குறுக்காக மூன்று கட்டைகளைப் பூட்டி அகலத்தையும் அசையாமல் வைத்தோம். நேராக இருக்கிறதா என்று பார்க்க நீளத்துக்கு ஒரு நூல் கட்டி, அளவைக் குறித்து வைத்தோம். இதற்கெல்லாம் பிறகே கிரைண்டர்.

தரையை எடுத்ததும் அடியில் ஊற்றியிருந்த மஞ்சள் ஃபோம் தெரிந்தது. படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் இருக்க அந்தக் காலத்தில் அப்படி ஊற்றுவார்கள். அது பஞ்சு மாதிரித் தண்ணீரைக் குடித்துவிட்டிருந்தது. யூரியாப் பைகளில் அள்ளி நிறுத்ததில் தொண்ணூறு கிலோவைத் தொட்டது. அதே கன அளவு உலர்ந்த ஃபோம் பத்துக் கிலோவைத் தாண்டாது. நீளக்கட்டைகளின் உள்மரம் மண்ணாகி இருந்தது. மேலே போர்த்திய ஃபைபர் தோல் மட்டும் நின்றது. பின்பலகையை உள்ளேயிருந்து சுரண்டி எடுத்தோம். வெளித்தோல் நன்றாக இருந்ததால் அதை அப்படியே விட்டோம். மரம் முழுவதும் போனபின் எடை 260 கிலோ.

காயவைத்தல்

இங்கேதான் மலைநாடு குறுக்கே வந்தது. காசல்ரீப் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை வெயில் நல்லது. ஆனால் இரவில் குளிர் இறங்கும், விடியலில் எல்லாவற்றிலும் பனி நீர். பகலில் காய்ந்தது இரவில் நனையும். மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்தால் செப்டெம்பர் வரை அசைக்க முடியாது.

பக்கத்தில் மரக்கறி செய்பவர் ஒருவரிடம் பயன்படுத்தாத பொலித்தீன் கூடாரம் ஒன்று இருந்தது. தக்காளி, குடைமிளகாய் போடுகிற இரும்புக் குழாய்ச் சட்டம். படகை அதற்குள் வைத்தோம். முதல் வாரமே ஒன்று தெரிந்தது: உள்ளே நண்பகலில் 35 டிகிரி, விடியலில் 12 டிகிரி. பகல் முழுக்க மண்ணிலிருந்தும் படகிலிருந்தும் எழும் ஆவி இரவில் கூரையில் குளிர்ந்து, சொட்டுச்சொட்டாகப் படகுக்குள்ளேயே விழுந்தது. காயவைக்கப் போய் நனைத்துக்கொண்டிருந்தோம்.

மூன்று மாற்றங்கள் செய்தோம். தரை மண்ணைத் தடிப்பான பொலித்தீனால் முழுக்க மூடினோம். இரண்டு முனைகளின் மேற்பகுதியிலும் காற்றுப்போக்கு வெட்டி, காலை ஒன்பது மணிக்குத் திறந்து மூன்றரைக்கு மூடினோம். படகைச் சுற்றி மட்டும் இன்னொரு சிறிய கூடாரம் கட்டி, மின்சார ஹீட்டரை வெளியே வைத்து, சூடான காற்றைக் குழாய் வழியாக உள்ளே விட்டு இரவு முழுக்க ஓட விட்டோம். விறகு அடுப்பு வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். இரண்டு காரணத்தால் மறுத்தோம். எரியும் விறகு தானே நீராவியைத் தரும். அதைவிட முக்கியம், பொலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் ஆவி தீப்பிடிக்கக்கூடியது. பழக்கமாகிவிட்ட அடுப்பை ரெசின் வேலை தொடங்கும் நாளில் யாரும் ஞாபகமாக அணைக்கப் போவதில்லை.

எப்போது போதும் என்று தீர்மானிக்கத் தராசையே நம்பினோம். வாரம் ஒரு தடவை நிறுத்தோம். 260இலிருந்து மெல்ல இறங்கி 243இல் நின்றது. மூன்று வாரம் தொடர்ந்து அதே எண். பொலித்தீன் துண்டுச் சோதனையிலும் வேர்வை இல்லை. உரிமையாளருக்கு இந்தக் காத்திருப்பு பிடிக்கவில்லை, கூலியாள் சும்மா இருக்கிறாரே என்ற கவலை நியாயமானதுதான். இளைஞரை ஊருக்கு அனுப்பிவிட்டு, காய்ந்தபின் மறுபடி கூப்பிட்டோம்.

என்ன ரெசின், என்ன மரம்

கரையோரத்தில் எல்லாமே பொலியெஸ்டர் ரெசின்தான். மலிவு, பழக்கம். ஐம்பது வருடம் இறுகிப்போன பழைய ஃபைபரின்மேல் புதிய பொலியெஸ்டர் வேதியியல் முறையில் ஒட்டாது. சுரண்டிய மேற்பரப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். எபொக்சி என்கிற வேறு வகை ரெசின் பல மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும், மரத்தோடும் நன்றாகச் சேரும். ஆனால் விலை. 2022இல் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபது வரை ஏறியபின், எபொக்சி டின் ஒன்றின் விலையைக் கேட்டு உரிமையாளர் கொஞ்ச நேரம் பேசவேயில்லை.

ஆகவே பிரித்தோம். பாரம் தாங்கும் இடங்களான பின்பலகைக்கும் நீளக்கட்டைகளுக்கும் எபொக்சி. தரையின் மேல்பரப்புக்கும், முன்தளத்தின் சிறு ஒட்டுகளுக்கும் பொலியெஸ்டர். இதில் ஒரு ஒழுங்கைக் காக்க வேண்டும்: பொலியெஸ்டருக்கு மேல் எபொக்சி போடலாம், எபொக்சிக்கு மேல் பொலியெஸ்டரை நம்ப முடியாது. ஜெல்கோட்டும் பொலியெஸ்டர்தான், அதனால் வெளியே அதை விட்டுவிட்டு இரண்டு டின் கலந்து பூசும் பொலியூரிதேன் பெயின்ட் என்று முடிவானது. இன்னொன்று, வெட்டிழை மெட் என்கிற சாதாரண ஃபைபர் விரிப்பில் இழைகளைப் பிடித்திருக்கும் பசை ஸ்டைரீனில்தான் கரையும். எபொக்சியில் ஸ்டைரீன் இல்லை, மெட் விறைத்து நிற்கும். எபொக்சிக்குத் தைத்த குறுக்கிழைத் துணியை வாங்கினோம்.

ப்ளைவூட்டில் சுவாரசியமான ஒரு பாடம் கிடைத்தது. கொழும்பில் "மரைன்" என்று சொல்லி விற்ற இரண்டு வகையைக் கொண்டுவந்து, உள்ளங்கை அளவுத் துண்டுகளை வெட்டி, விடுதிச் சமையலறையில் பெரிய சட்டியில் சில மணி நேரம் கொதிக்க வைத்தோம். ஒன்று புத்தகம் போல் விரிந்தது. மற்றது அப்படியே இருந்தது. விலை அதிகமானது எது என்று கேட்காதீர்கள், விரிந்ததுதான்.

குளிரில் ஒட்டுவது

இளைஞரின் கை வேகமும் நேர்த்தியும் நான் பார்த்தவற்றில் சிறந்தவை. ஆனால் அவருடைய அளவுகள் எல்லாம் முப்பது டிகிரிக் கடற்கரைக்கானவை. ரெசினை இறுக வைக்கும் ஹாட்னரைப் போத்தல் மூடியால் ஊற்றுவார், கண்ணளவு. சோதனைக்காகக் காலை பத்து மணிக்கும் நண்பகலிலும் மாலை நாலரைக்கும் சிறு துண்டுகள் ஒட்டிப் பார்த்தோம். நண்பகல் துண்டு மாலைக்குள் கல்லாக இறுகியது. மாலைத் துண்டு மறுநாளும் பச்சையாகவே இருந்தது, நகம் பதிந்தது.

பொலியெஸ்டர் 15 டிகிரிக்குக் கீழே ஒழுங்காக இறுகாது. தொடக்கத்தில் இறுகத் தவறியதைப் பின்னால் வெயிலில் வைத்தாலும் முழுப் பலம் வராது. ஹாட்னரைக் கூட்டினால் சரியாகிவிடும் என்பது பாதி உண்மைதான். 1 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது, 3 சதவீதத்துக்கு மேல் ஊற்றி லாபமில்லை. குளிருக்கு 2 சதவீதம், அதாவது கிலோவுக்கு ஏறத்தாழ 20 மில்லிலீற்றர் என்று வைத்து, மூடிக்குப் பதிலாக மருந்து ஊசிக் குழாயால் அளந்தோம். இறுகலை விரைவுபடுத்தும் கோபோல்ட் திரவம் தனிப் போத்தலில் வந்திருந்தது. அதை ரெசினில் நன்றாகக் கலந்தபின்தான் ஹாட்னர். இரண்டையும் நேராகக் கலந்தால் வெடிக்கும். இரண்டு போத்தலையும் கூடாரத்தின் எதிரெதிர் மூலைகளில் வைத்தோம்.

எபொக்சிக்கு வேறு தொல்லை. பத்து டிகிரி குறைந்தால் இறுகும் நேரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஈரக்காற்றும் குளிரும் சேரும்போது மேலே மெழுகு போன்ற ஒரு வழுவழுப்புப் படியும். அதைக் கழுவாமல் சாண்ட் பேப்பர் போட்டால் உள்ளே தேய்ந்து அடுத்த அடுக்கு உரிந்துவரும். முதலில் தண்ணீரும் பச்சைத் தேய்ப்பானும், அது உலர்ந்தபின் சாண்ட் பேப்பர் என்பது கூடாரத்தின் சட்டமாயிற்று.

வேலை நேரத்தையும் மாற்றினோம். வெப்பம் 18 டிகிரியைத் தாண்டி, படகின் மேற்பரப்பு பனிபடும் வெப்பநிலையைவிடக் குறைந்தது மூன்று டிகிரி கூடியிருந்தால் மட்டும் தொடக்கம். பெரும்பாலும் காலை பத்து மணி ஆகிவிடும். ஒரு மணிக்குப் பின் புதிதாகக் கலப்பதில்லை. இதற்கு ஒரே ஒரு விலக்கு, பூச்சுப் படாத மரத்துக்கு முதல் எபொக்சிப் பூச்சு. காலையில் பூசினால், வெப்பம் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து ஊசித்துளை போல் குமிழி வரும். வெப்பம் இறங்கும் நேரத்தில் பூசினால் மரம் பூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளும். ப்ளைவூட் துண்டுகளை மட்டும் மூன்று மணிக்குப் பூசி, இரவுக்கு விடுதி அறையொன்றில் வைத்தோம்.

ஓரங்களைச் சேர்க்குமிடத்தில் தடிப்பைப் போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சாய்வாகச் சுரண்டினோம். தூசி பயங்கரம். முகமூடி, நீளக்கை சட்டை, மாலையில் முதலில் குளிர்ந்த தண்ணீரில் குளியல். சுடுதண்ணீர் தோலின் துளைகளைத் திறந்து இழையை உள்ளே விடும் என்று இளைஞர் சொன்னார், சொன்னபடி செய்தோம், நோர்வூட் குளிரில் அது ஒரு தண்டனை.

பின்பலகையின் உயரம்

உரிமையாளர் எங்களிடம் கேட்காமலே பழைய 40 குதிரைவலு இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அது நீளத்தண்டு எஞ்சின், 20 அங்குலப் பின்பலகைக்குரியது. படகினுடையது 15 அங்குலம். அப்படியே மாட்டினால் தண்ணீரைத் தள்ளும் காற்றாடி (ப்ரொப்பெல்லர்) தேவைக்கு மேல் ஆழத்தில் ஓடி இழுவையைக் கூட்டும். எஞ்சினை மாற்றுவதா, பலகையை உயர்த்துவதா?

பலகையை எப்படியும் புதிதாகச் செய்ய வேண்டியிருந்ததால் உயர்த்தினோம். பின்னால் தாழ்வாக வெட்டப்பட்ட பழைய படகுகளில், திடீரென்று வேகத்தைக் குறைத்தால் சொந்த அலையே பின்னால் வந்து உள்ளே ஏறும். ஐந்து அங்குலம் உயர்ந்தது அதற்கும் நல்லது. எஞ்சின் ஆணிகளுக்கான துளைகளைத் தேவைக்கு மேல் பெரிதாகத் துளைத்து, தடித்த எபொக்சியால் நிரப்பி, அதன் நடுவில் சரியான அளவில் மறுபடி துளைத்தோம். இனி ஆணி மரத்தைத் தொடாது, மரம் தண்ணீரைத் தொடாது.

மிதவைக்கு ஊற்றும் ஃபோமை மறுபடி போடுவதில்லை என்பதில் எல்லோரும் ஒன்றாக இருந்தோம். ஃபைபரின் எடையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் தண்ணீருக்குள் தாங்க வேண்டும். அதோடு எஞ்சின், பெற்றறி, தாங்கி எல்லாம் சேர்த்துப் பார்த்தால் இருநூறு லீற்றருக்குள் போதும். ஆட்கள் பிடித்துக்கொள்ள இன்னும் நூறு. மூடிய கண் கொண்ட, தண்ணீர் குடிக்காத பொலித்தீன் ஃபோம் கட்டிகளைத் தரைக்கடியிலும் பக்கங்களிலும் வாரால் கட்டினோம். கழற்றிப் பார்க்கலாம். அடியில் தண்ணீர் ஓட வழி விட்டோம்.

கண்ணாடித் தடுப்பு, ஸ்டியரிங் கேபிள், வயரிங், இருக்கை எல்லாம் புதிது. அவற்றில் சொல்ல ஒன்றுமில்லை. பழைய சாமான் பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கும், பொறுமை வேண்டும். பருவமழையோடு வேலை நின்றது. பெயின்ட் 2024 ஜனவரியில்தான் முடிந்தது.

தண்ணீரில்

அனுமதிக் கடிதம், பாதுகாப்பு அங்கிகள், ஓட்டுபவருக்கான ஏற்பாடு எல்லாம் முடிய மார்ச் ஆனது. அந்த மாதத்தில் நீர்மட்டம் இறங்கிக் கரை முழுக்கச் சேறு. இறங்கிய தண்ணீரில் பழைய மரக்கட்டைகளும் பாறைகளும் மேலே வரும். பக்கத்து மவுஸ்ஸாக்கலையில் நீர் வற்றினால் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயிலே தெரியும். கட்டைகளும் பாறைகளும் இருக்கும் இடங்களைக் குறித்துவைக்க அது நல்ல நேரம் என்று உரிமையாளர் சொன்னது எனக்குப் பிடித்தது. படகை இறக்குவதற்கு முன் வரைபடம் ஒன்று போட்டார்.

நிறைவில் படகு 318 கிலோ. கசிவு இல்லை, வடிகால் மூடியின் ரப்பரைத் தவிர. எஞ்சின்தான் ஏமாற்றியது. முழு விசை கொடுத்தும் சுழற்சி ஏறவில்லை. நாலு பேர் ஏறினால் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு உழுதது. பிளக் கறுத்து நனைந்திருந்தது. 1,100 மீற்றரில் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைவு. அதே அளவு பலம் குறையும். காபுரேட்டர் கடல்மட்டக் கணக்கில் பெற்றோலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பெற்றோல் போகும் துளையான ஜெட்டைச் சிறியதாகப் போட்டோம். காற்றாடியின் முன்னேற்றத்தை, அதாவது ஒரு சுற்றுக்கு அது முன்னே போகும் தூரமான பிட்சை, 13 அங்குலத்திலிருந்து 11க்கு இறக்கினோம். ஒரு அங்குலம் குறைத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 முதல் 200 சுழற்சி கூடும். அதன்பின் படகு எழுந்தது.

ஒரு பருவமழைக்குப் பின்

2024 ஒக்டோபரில் முழுக்கப் பார்த்தோம். பின்பலகை, நீளக்கட்டை இரண்டிலும் குறை இல்லை. எடை நான்கு கிலோ கூடியிருந்தது, அது தரைக்கடியில் தங்கிய சேறு. முன்தளத்தில் ஒரு ஒட்டு மட்டும் மெத்தென்று இருந்தது. அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்தபோது பிசுபிசுத்தது, அதாவது இறுகவே இல்லை. குறிப்பேட்டைப் புரட்டினால், பருவமழை தொடங்குமுன் ஒரு மாலை ஊருக்குப் பஸ் பிடிக்கும் அவசரத்தில், நாலு மணிக்கு மேல் இளைஞர் ஒட்டிய துண்டு அது. வெட்டி எடுத்து, நண்பகலில் மறுபடி ஒட்டினோம்.

இப்போது படகு திறந்த பக்கங்கள் கொண்ட கொட்டகையில், மூக்கு உயர்ந்து, வடிகால் மூடி கழற்றிய நிலையில் நிற்கிறது. மூடி ஸ்டியரிங்கில் நூலால் தொங்குகிறது, போடாமல் யாரும் கிளப்பிவிடக் கூடாது என்பதற்காக.

மாற்ற வேண்டியவை

மறுபடி இப்படி ஒரு படகு வந்தால் டிசம்பருக்குக் காத்திருக்காமல் ஒக்டோபரிலேயே அகழ்ந்து, தை மாதத்துக்குள் மரமெல்லாம் வெளியே இருக்க வேண்டும். அப்படியானால் நல்ல வெயில் முழுவதும் காய்வதற்கும் ஒட்டுவதற்கும் கிடைக்கும், ஒரு பருவமழை மிச்சமாகும். பொலியெஸ்டரை முழுக்கத் தவிர்க்கலாமா என்று தச்சு பாஸ் கேட்டார். பணம் இருந்தால் ஆம். அந்த ஒரு துண்டைக் கழற்றி ஒட்டிய கூலியில் வித்தியாசத்தில் ஒரு பகுதி போயே விட்டது. கரையோரத்திலிருந்து ஆள் எடுப்பதில் தவறில்லை. ஆனால் முதல் வாரம் சோதனைத் துண்டுகளுக்கு மட்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

எஞ்சின் பற்றி என் கருத்து வேறு. காசல்ரீத் தண்ணீர் களனி கங்கைக்குப் போகிறது, கொழும்பு குடிப்பது களனியை. எரியாத எண்ணெயைத் தண்ணீருக்குள் விடும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினை இங்கே ஓட்டுவது எனக்குச் சம்மதமில்லை. உரிமையாளரும் நாலு ஸ்ட்ரோக் ஒன்றுக்குப் பணம் சேர்க்கிறார். அது இன்னும் பாரமாக இருக்கும், பின்பலகை தாங்கும். ஆணித் துளைகள் இடம் மாறும், அடைப்பதற்கும் புதிதாகத் துளைப்பதற்குமான அளவுகளைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.